புகைக்காதவர் எண் நானூற்றுப் பன்னிரண்டு

எங்கள் பகுதியில் பதினெட்டு வயதுக்குக் கீழே புகைப்பவர் ஒருவர்கூட இல்லை என்று அந்த மையத்தின் வாசலில் பலகை வைத்திருந்தார்கள். அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் என் மகன் இருமினான்.

பலகையில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் பூஜ்யம். பெயிண்டில் எழுதியது, அழியாது. இரண்டாவது கட்டத்தில் 'புகையற்ற நாட்கள்' என்று போட்டு, எண்களை ஆணியில் மாட்டியிருந்தார்கள். காவலாளி ஸ்டூலில் ஏறி, 334-இல் இருந்த கடைசி நாலைக் கழற்றி ஐந்தை மாட்டிக்கொண்டிருந்தார். இருமல் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"என்னப்பா, சளியா?"

"சிகரெட்டுங்க," என்றேன் நான்.

அவர் ஸ்டூலை விட்டு இறங்கிவிட்டார். "மெதுவா பேசுங்க. உள்ள கேட்டுடப் போகுது."

உள்ளே கேட்கவேண்டும் என்றுதான் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தோம்.

நான் சிமென்ட் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். என் மகனுக்குப் பதினாறு வயது. சின்னதில் அவனுக்கு இழுப்பு இருந்தது. பத்து வயதில் தானாக அடங்கிப்போனது. போன மாதம் ஒரு காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவன், செருப்பு வாரைப் போடக் குனிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். மூச்சு உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது ஒரு விசில். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா என்னையும் அவன் அம்மாவையும் வெளியே நிற்கவைத்துவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"நீயே சொல்லுப்பா."

"ஏழு," என்றான் மகன். "சில நாள் எட்டு."

"என்னது எட்டு?" என்றாள் அவன் அம்மா. அவள் துணி ஆலையில் பொத்தான் தைக்கிறவள், எண்ணிக்கை என்றால் காது கூர்மை.

"சிகரெட்டும்மா. ஒம்பதாவதுல இருந்து."

முதுகில் மூட்டை இருக்கும்போது கால் சறுக்கும் நொடி ஒன்று உண்டு. விழப்போகிறோம் என்று தெரியும், ஆனால் இன்னும் விழுந்திருக்க மாட்டோம். அந்த நொடியில் நான் நின்றேன். "முதல் சிகரெட்டு யாருடா குடுத்தது?" என்று கேட்டேன். அவன் என் சட்டைப் பையைப் பார்த்தான். அன்று சாயங்காலமே என் சிகரெட் பாக்கெட்டைக் குப்பையில் போட்டேன். ஆனால் அவனைத் திட்டுவதற்கான வாய் அதற்கு முன்பே போய்விட்டது.

டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். "இந்த வயசுல நுரையீரல் இன்னும் வளர்ந்துகிட்டு இருக்கும். நீங்க குடிச்சா கட்டி முடிச்ச வீட்டுல புகை. இவன் குடிச்சா கட்டிக்கிட்டிருக்கிற சுவத்துல புகை. வளர்த்தியே குறைஞ்சு போயிடும். அதுலயும் இவன் இழுப்பு இருக்கிற பையன். இவன் வயசுக்கு ஊத வேண்டியதுல முக்கால்வாசிகூட ஊத மாட்டேங்கிறான். ஒரு மாசத்துக்குள்ள விட்டாகணும். இன்னொரு தடவை பெருசா இழுத்துச்சுன்னா என்னால உறுதி சொல்ல முடியாது."

"இப்பவே விட்டுடுவான் டாக்டர். விடலைன்னா காலை உடைச்சுடறேன்," என்றாள் அவள்.

"கால் என்னம்மா பண்ணுச்சு? சின்ன வயசுல தொட்டா சீக்கிரம் ஒட்டிக்கும். தானா விடவும் இவன் பாத்திருக்கான்."

"மூணு தடவை," என்றான் மகன். "மூணாம் நாள் கை நடுங்குதும்மா. போர்டுல எழுதியிருக்கிறது கண்ணுக்கு ஏறவே மாட்டேங்குது."

பேசிப் பழக்கி விடவைக்க ஆள் உண்டு, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு என்றார் டாக்டரம்மா. ஆனால் பதினெட்டுக்குக் கீழே எல்லோரையும் 'இளையோர் புகை ஒழிப்பு மைய'த்துக்குத்தான் அனுப்பவேண்டும் என்று உத்தரவு. ஆளும் அங்கே, மருந்தும் அங்கே. மையம் ஏற்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் ஒழிய ஆஸ்பத்திரி அதில் கை வைக்கக்கூடாது. உறிஞ்சும் மருந்து மட்டும் கையில் கொடுத்து, ஒரு சீட்டும் எழுதி அனுப்பினார்.

அந்தச் சீட்டோடுதான் மையத்தின் ஜன்னல் முன் நின்றோம். ஜன்னலுக்குள் ஒரு எழுத்தர். அவர் மேஜையில் இரண்டு பதிவேடுகள். பச்சை அட்டை போட்டது தடித்து, ஓரம் நைந்து கிடந்தது. சிவப்பு அட்டை போட்டதன்மேல் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"பையன் புகைக்கிறானா?"

"ஆமாங்க."

"வயசு?"

"பதினாறு."

"அப்ப புகைக்க முடியாது."

"புகைக்கிறானுங்க."

எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். பொறுமையான ஆள். "பதினெட்டுக்குக் கீழ விக்கக் கூடாதுன்னு சட்டம். விக்கலைன்னா வாங்க முடியாது. வாங்கலைன்னா பத்த வைக்க முடியாது. இதுல எந்த இடத்துல தப்புன்னு சொல்லுங்க."

"எதிர்ல இருக்கிற பெட்டிக்கடையிலயே உதிரியா விக்கிறாங்களே சார்."

"அது தெரு. நம்ம எல்லை வாசல்படியோட முடியுது."

மகன் இருமினான். எழுத்தர் ஜன்னல் கதவைப் பாதி சாத்திக்கொண்டு மீதிப் பாதி வழியாகப் பேசினார். சிவப்பு, புகைப்பவர்களுக்கான பதிவேடு. அதில் ஒரு பெயர் ஏறினால் பூஜ்யம் போய்விடும். பூஜ்யம் போனால் வாசல் பலகையை மாற்றவேண்டும்.

"பெயிண்டுதானே சார். அழிச்சு எழுதிக்கலாமே."

"டெண்டர் விடணும்."

அதோடு, சிவப்பில் ஏறிய பெயர் பள்ளிக்கூடத்துக்கும் போகும். பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பூஜ்யம் உண்டு. அதைக் காப்பாற்ற அவர்கள் பையனை ஒரு வருடம் நீக்கிவைப்பார்கள். "நீக்கிட்டா அங்க புகைக்கிறவங்க யாரும் இல்லைன்னு ஆயிடும் பாருங்க," என்று எனக்குப் புரியும்படி விளக்கினார். பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

நான் நகரவில்லை. பின்னால் யாரும் வரிசையில் இல்லை என்பதால் நகரவேண்டிய தேவையும் இல்லை. கடைசியில் அவருக்கே இரக்கம் வந்தது.

"சரி, ஒண்ணு செய்யலாம். ஆலோசகரைப் பாக்க டோக்கன் வேணும். டோக்கனுக்கு எண் வேணும். பச்சையில எழுதிக்கறேன். உள்ள போய் விஷயத்தைச் சொல்லிக்குங்க."

அப்படித்தான் ஒரு நாளைக்கு எட்டு சிகரெட் பிடிக்கிற என் மகன் புகைக்காதவர் எண் நானூற்றுப் பன்னிரண்டு ஆனான்.

ஆலோசகர் நல்ல பெண்மணி. டோக்கனைப் பார்த்ததும் எழுந்து நின்று கை கொடுத்தார். "வாழ்த்துகள்! புகைக்காமல் இருப்பதன் ரகசியம் என்ன என்று சொல்லமுடியுமா?"

"நான் புகைக்கிறேன் மேடம்."

அவர் டோக்கனைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "பச்சை எண்ணுக்குப் பாராட்டு ஆலோசனை மட்டும்தாம்பா தரலாம். மீட்பு ஆலோசனை சிவப்பு எண்ணுக்கு."

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் மருந்து அட்டைகள் அடுக்கியிருந்தன. பூட்டின்மேல் அரக்கு முத்திரை.

"அது என்ன மருந்துங்க?" என்றேன்.

"விடுறதுக்குத்தான். நிறைய இருக்கு. ஒருத்தர்கூட ஒரு அட்டை வாங்கலை," என்றார் பெருமையாக. "வர்ற ஆறாம் மாசம் காலாவதி ஆகுது. முழுசா அப்படியே ஆகப்போகுது. எந்த மையத்துலயும் இப்படி நடந்ததில்லை."

மகனின் சட்டையில் ஒரு பச்சை வில்லை குத்தி அனுப்பினார்கள்.

மறுபடி போனோம். வேறு எங்கே போவது? அடுத்த முறை வேறு ஆள் இருப்பார், கேட்டுப் பார்க்கலாம் என்று போனோம். மழை பெய்த அன்றும் போனோம். ஒவ்வொரு முறையும் பச்சைப் பதிவேட்டில் 'வருகை' என்று ஒரு முத்திரை விழுந்தது, உள்ளே ஒரு பாராட்டு கிடைத்தது. பலகையில் 341 வந்தது, 348 வந்தது. மகன் மையத்தின் மாடிப்படியில் முதலில் ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். அப்புறம் மூன்று இடத்தில்.

"தினம் அங்க போய் என்னதான் பண்ணிட்டு வர்றீங்க?" என்றாள் அவன் அம்மா.

"பாராட்டு வாங்கிட்டு வர்றோம்."

"அதை வச்சு மூச்சு விடச் சொல்லுங்க."

அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அவனுக்குக் கை நடுங்கும்போது ஒரு டப்பா பொத்தானைக் கொட்டி, நிறவாரியாகப் பிரிக்கச் சொல்வாள். எட்டை ஐந்தாக இறக்கினான். ஐந்தில் நின்றுவிட்டது. "இதுக்கு மேல பொத்தான்ல ஆகாதும்மா," என்று அவனே ஒருநாள் அழுதான். பதினாறு வயதுப் பையன் அம்மா முன்னால் அழுவது லேசில் நடப்பதில்லை.

அப்போதுதான் மையத்தின் இயக்குநர் எங்களை நேரில் கூப்பிட்டனுப்பினார். பலகையில் அன்று 360. துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கதவு திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

இயக்குநர் பச்சைப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். "பதினோரு தடவை!" என்றார். "மழையில்கூட! நானூற்றுப் பன்னிரண்டு பேரில் இரண்டாவது முறை இந்தப் படியேறியவர் எவரும் இல்லை. புகைக்காமல் இருப்பதில் இப்படி ஒரு வெறி கொண்ட இளைஞனை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை."

"ஐயா, அவன் வந்தது அதுக்கில்லைங்க."

"தன்னடக்கம் வேறு!"

முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் விழா. மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். 'புகையற்ற தலைமுறையின் தூதர்' என்று என் மகன் மேடையேறவேண்டும். 'தூய மூச்சுச் செயல்விளக்கம்' என்று ஒன்று. நுரையீரல் போலச் செய்த இரண்டு பெரிய பலூன்கள், ஆள் மார்பளவு உயரம். ஒரு குழாயில் வாயை வைத்து அவன் அவற்றை ஊதி நிமிர்த்தவேண்டும், எல்லோரும் பார்க்க.

"அவனால உங்க மாடியே ஏற முடியலைங்க," என்றேன். "அவன் புகைக்கிற பையன். டாக்டர் சீட்டு இருக்கு, பாருங்க."

இயக்குநர் சீட்டைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரல் மாறியது. மேடைத் தமிழ் போய், பேச்சுத் தமிழ் வந்தது.

"இதோ பாருங்க. விலகணும்னா விலகல் படிவம் இருக்கு. காரணம் எழுதணும். 'புகைப்பவர்'னு எழுதினா சிவப்பு. சிவப்புன்னா ஒரு வருஷம் போச்சு. எனக்கும் போச்சு. அஞ்சே நாள். விழா முடிஞ்சா மறுநாள் புதுக் கணக்கு. ஒண்ணாம் நாள்ல யார் பேர் ஏறுதுன்னு யாரும் பாக்க மாட்டாங்க. சிவப்பைத் திறக்கறேன், முதல் பேர் உங்க பையன். மருந்து உண்டு, ஆள் உண்டு. பள்ளிக்கூடத்தை நான் பாத்துக்கறேன். என்ன சொல்றீங்க?"

நான் சரி என்று சொன்னேன். இதை மறைத்துவிட எனக்குத் தெரியும், ஆனால் சொன்னது நான்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது மகனிடம் விளக்கினேன்.

"ஊதற மாதிரி நடிக்கணுமாப்பா?"

"ஆமாடா. ரெண்டு தடவை லேசா ஊது. முடியலைன்னா சிரிச்சுக்கிட்டு இறங்கிடு."

"சரி," என்றான். பத்தடி நடந்தபின், "என்னை அங்க யாராவது ஒருத்தர் நம்புவாங்களாப்பா?" என்று கேட்டான். அஞ்சு நாள்தான்டா என்றேன். அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை.

விழா மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லோர் நெஞ்சிலும் பச்சை வில்லை. நானும் அவன் அம்மாவும் மூன்றாவது வரிசை. அவள் கையில் அவனுடைய உறிஞ்சும் மருந்து. மேடைக்குப் பின்னால் வெளியிலிருந்து கொண்டுவரும் பொருட்களுக்கு அனுமதி இல்லை என்று அதை அவனிடமிருந்து வாங்கி இவளிடம் கொடுத்துவிட்டார்கள்.

பெரிய அதிகாரி பேசினார். "மற்ற மையங்கள் புகைக்கும் பிள்ளைகளைத் தேடிப் போயின. தேடினார்கள், கிடைத்தார்கள். இன்று அவர்களுடைய எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் நிற்கிறது, வெட்கக்கேடு! இந்த மையம் தேடவில்லை. ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. எது சிறந்த வழி என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்." பிள்ளைகள் கை தட்டினார்கள். கை தட்டவேண்டிய இடத்தில் ஒருவர் ஓரத்திலிருந்து கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் எழுந்தார். "இருளும் புகையும் சூழ்ந்த உலகிலிருந்து இதோ வருகிறான் நம் தூதன்!" என்றார். மேடையின் இரண்டு பக்கமும் இயந்திரம் வைத்துப் புகை விட்டார்கள். புகையற்ற தலைமுறை புகைக்குள்ளிருந்து வெளியே வருவதாக ஏற்பாடு. வெள்ளைப் புகை முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு உயரம் வந்தது, அப்புறம் மேடையே தெரியவில்லை.

"ஐயோ, உள்ள நிக்கிறானே," என்றாள் அவள்.

புகையைப் பிளந்துகொண்டு அவன் வந்தபோது எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள். அவன் தோள்கள் காதுவரைக்கும் ஏறியிருந்தன. அது எனக்குத் தெரியும். இழுப்பு வரும்போது அவன் அப்படித்தான் நிற்பான், தோளால் காற்றை இழுப்பதுபோல.

குழாயில் வாயை வைத்தான். பலூன் உள்ளங்கை அளவு எழுந்து, படுத்துவிட்டது. இன்னொரு முறை ஊதினான். அந்த அளவுகூட இல்லை. "ஊது! ஊது!" என்று ஓரத்து ஆள் கையைக் காட்ட, மண்டபம் முழுக்க "ஊது! ஊது!" என்றது. நான் எழுந்தேன். பின்வரிசைக்காரர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார், மறைக்கிறதாம்.

மகன் குழாயைக் கீழே போட்டான். சிரித்துக்கொண்டு இறங்கிவிடு என்று நான் சொல்லியிருந்தேன். அவன் இறங்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டான், விழாமல் இருப்பதற்காகவும்தான் என்று நினைக்கிறேன்.

"என்னால முடியாது," என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அந்த விசில், ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. "நான் சிகரெட் பிடிக்கிறேன். ரெண்டு வருஷமா. விட முடியலை. விட வைங்கன்னு கேட்டு... பதினோரு தடவை இங்க வந்தேன். மருந்து அலமாரியில இருக்கு. குடுக்க... மாட்டேங்கிறாங்க."

பெரிய அதிகாரி இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார். இயக்குநர் ஒரு நொடிதான் வெளுத்திருந்தார். உடனே எழுந்து, இரண்டு கையையும் உயர்த்தித் தட்டினார்.

"பிரமாதம்! விழிப்புணர்வு நாடகம்! நமது தூதனே எழுதி நடித்தது!"

பெரிய அதிகாரி முகம் தெளிந்து தட்டினார். ஓரத்து ஆள் கையைக் காட்டினார். மண்டபம் தட்டியது. மகன் இரும ஆரம்பித்தான். என்ன தத்ரூபம் என்று என் பக்கத்திலிருந்தவர் சொன்னார். அவன் மண்டியிட்டான், கைதட்டல் கூடியது. உதடு நிறம் மாறியது, சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். நான் மேடைப் படியில் கால் வைத்தபோது காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

"நாடகம் இன்னும் முடியலைங்க."

அவரை என்ன செய்தேன் என்று நினைவில்லை. சிமென்ட் மூட்டை ஐம்பது கிலோ. என் மகன் நாற்பத்திரண்டு. ஒரு நாளைக்கு இருநூறு மூட்டை தூக்குகிற முதுகு அன்று அந்த நாற்பத்திரண்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு ஓட முடியாமல் தள்ளாடியது. அவன் அம்மா கூடவே ஓடிவந்து, அவன் வாயில் மருந்தை வைத்து அழுத்தினாள், அழுத்தினாள். வாசல்வரை கைதட்டல் எங்களை வழியனுப்பியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்ததுமே ஓடிவந்தார். முகமூடியை மாட்டினார், ஊசி போட்டார், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு மணி நேரம். விசில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவன் தோள் காதிலிருந்து கீழே வந்தபோதுதான் அவர் உட்கார்ந்தார். "இன்னொரு பத்து நிமிஷம் ஆகியிருந்தா," என்று ஆரம்பித்து, அவன் அம்மாவைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லாமல் விட்டார்.

அப்போது இயக்குநர் வந்தார். பின்னால் ஒரு படம் பிடிப்பவர், கையில் சட்டம் போட்ட சான்றிதழ்.

"சிறந்த நடிப்புக்கான முதல் பரிசு," என்றார். "மேலிடமே உருகிவிட்டது. இதில் மட்டும் ஒரு கையெழுத்து," என்று சான்றிதழோடு ஒரு படிவத்தையும் நீட்டினார்.

தாளை வாங்கிப் படித்தேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். நாற்பது வயதில் கற்றது, வேகம் வராது. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். 'மேடையில் என் மகன் பேசியது, இருமியது, விழுந்தது ஆகிய மூன்றும் நடிப்பே என்றும், அவன் ஒருபோதும் புகைத்ததில்லை என்றும் இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.'

"நாளைக்குச் சிவப்பைத் திறக்கறேன்னு சொன்னீங்களே," என்றேன்.

"எப்படித் திறக்கறது? இப்ப அவன் ஊருக்கே தெரிஞ்ச தூதர். நாளைக்கு அவன் பேர் சிவப்புல இருந்தா இன்னைக்கு நடந்தது என்னன்னு கேப்பாங்கல்ல? கையெழுத்துப் போடுங்க, பரிசோட பரீட்சை எழுதுவான். போடலைன்னா பள்ளிக்கூடத்துக்கு நான் கடிதம் எழுத வேண்டியிருக்கும். வருத்தமாத்தான் இருக்கும். ஆனா எழுதுவேன்."

டாக்டரம்மா எழுந்தார். "செத்துப் பிழைச்சிருக்கான் சார்."

"நீங்க வைத்தியம் பாருங்க டாக்டர். நாங்க தடுப்பு பாக்கறோம்."

நான் அவன் அம்மாவைப் பார்த்தேன். அவள் மகனைப் பார்த்தாள். ஐந்து நாள் முன்னால் இதே மாதிரி ஒரு இடத்தில் நானாகச் சரி என்று சொல்லியிருந்தேன். இந்த முறை அவனிடம் கேட்டேன்.

"என்னடா எழுதட்டும்?"

அவன் முகமூடியை ஒரு விரலால் விலக்கினான். "ஒரு வருஷம் போனா போகட்டும்ப்பா. உள்ளதை எழுது."

எழுதினேன். அச்சிட்டிருந்த வரிகளை அடித்துவிட்டு அதற்குக் கீழே, கோடு இல்லாத இடத்தில், எழுத்துகள் மேலும் கீழும் போக எழுதினேன். 'என் மகன் புகைக்கிறான். முதல் சிகரெட் என் சட்டைப் பையிலிருந்து எடுத்தது. விடுவதற்கு உங்களிடம் பதினோரு முறை வந்தான்.' கீழே கையெழுத்து.

இயக்குநர் படித்தார். வேகமாகப் படிக்கிறவர்தான், ஆனாலும் அவருக்கும் நேரமெடுத்தது. "படிவத்தைப் பாழாக்கிட்டீங்க. இதுக்கு இதுல இடமே இல்லை," என்றார். பையிலிருந்து முத்திரையை எடுத்து, பழக்க தோஷத்தில், என் எழுத்துகளின்மேல் ஓங்கிக் குத்தினார்: 'மையத்தால் ஏற்கப்படவில்லை'. தேதி போட்டுக் கையொப்பமும் இட்டார்.

டாக்டரம்மா அவர் கையிலிருந்து அந்தத் தாளை மெல்ல உருவிக்கொண்டார்.

"இதைத்தான் சார் ஒரு மாசமா தேடிக்கிட்டிருந்தேன். மையம் ஏத்துக்கலைன்னா ஆஸ்பத்திரி பாக்கலாம். நாளைக்குக் காலையில தொடங்கறேன்." தாளை மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார்.

"அதைக் குடுங்க டாக்டர்," என்றார் இயக்குநர்.

அந்த நேரம் வாசலில் செருப்புச் சத்தம். ஆறு பிள்ளைகள். நாலு பையன்கள், இரண்டு பெண்கள். சீருடை, நெஞ்சில் பச்சை வில்லை. மண்டபத்திலிருந்து நேராக வந்திருக்கிறார்கள்.

இயக்குநரின் முகம் பழைய நிலைக்கு வந்தது. "வாங்க, வாங்க! நடிகரைப் பார்க்க வந்தீர்களா? கட்டிலைச் சுற்றி நில்லுங்கள். ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்."

நின்றார்கள். படம் பிடிப்பவர் குறி பார்த்து, "கொஞ்சம் சிரிங்க," என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

மூக்குக்கண்ணாடி போட்ட பெண் சொன்னாள், "நாங்க இவங்களைப் பாக்க வரலை சார். இவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது. டாக்டரைப் பாக்க வந்தோம்."

"ஆறு பேருக்குமா? என்ன உடம்புக்கு?"

அவள் பள்ளிப் பையின் அடியில் கைவிட்டு, ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்து, அதிலிருந்து நசுங்கிய ஒரு பாக்கெட்டை எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். பக்கத்துப் பையன் அவளைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், பிறகு காலுறைக்குள்ளிருந்து இரண்டு உதிரியை உருவி அதன் பக்கத்தில் வைத்தான். மற்ற நாலு பேரும் பைகளைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"கேமராவை மூடுய்யா," என்றார் இயக்குநர். "மூடுன்னு சொல்றேன்ல."

அது மூடிய சத்தம் கேட்கவில்லை.

என் மகன் கட்டிலில் சுவர் பக்கமாக நகர்ந்து இடம் விட்டான். "உக்காருங்க," என்றான் முகமூடிக்குள்ளிருந்து. "ரொம்ப நேரம் நின்னா மூச்சு வாங்கும்."